தொட்டதும் தொற்றியதும்

ஜூன் 27, வியாழன்

சாரல் நிற்கவில்லை. மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு வெறுமை. காயப்போட்ட வேட்டி இரண்டு நாளாக ஈரம். பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. துடைத்தேன். துடைத்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் துடைத்தேன்.

நேற்று மாலை மேலகரத்தில் உலகம்மாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். குடையோடு போனவன் நனைந்துகொண்டே தென்காசிக்குத் திரும்பியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து சட்டையைப் பிழியும்போதுதான் அது தெரிந்தது.

கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன் நான். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள், பிறகு முடிவுக்கு வாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே ஓய்வுபெற்றேன். நேற்று நடந்ததை அப்படி எழுத வரவில்லை. இஞ்சி டீ குடித்தோம். மின்சாரம் போயிற்று. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம், குளத்துக்குள் முங்கிக் கண்ணைத் திறந்தால் தெரியுமே, அந்த நிறத்தில் இருந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு பேசவில்லை.

மற்றவை எழுதவில்லை.

ஜூன் 28, வெள்ளி

காலையில் அவர்கள் போன் செய்தார்கள். "என்ன சார், குடையை அடமானம் வச்சுட்டுப் போயிட்டிய?" என்று சிரித்தார்கள். அந்தக் குரல் காதில் விழுந்தால் நான் எங்கே நிற்கிறேன் என்பது கொஞ்ச நேரம் மறந்துபோகிறது.

தொலைபேசி நிலையத்தில் ஆப்பரேட்டராக இருந்தவர்கள். போன வருடம் திருநெல்வேலியில் ஒரு கண் மருத்துவமனை பெஞ்சில் இருவரும் ஆளுக்கு ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் நர்ஸிடம் ஏதோ கேட்டேன். பக்கத்திலிருந்து, "இந்தக் குரலை எனக்குத் தெரியுமே. எண்பத்தஞ்சுல மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் புக் பண்ணிட்டு, 'தொந்தரவுக்கு மன்னிக்கணும்'னு சொன்ன ஆளுதான நீங்க? என் சர்வீஸ்ல மன்னிப்புக் கேட்ட ஒரே சந்தாதாரர்!" என்று கேட்டது. எனக்கு அப்போது அவர்கள் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. அந்த மங்கல் இன்னும் முழுதாக விலகவில்லை என்று சில சமயம் தோன்றும்.

என் மனைவி ஆவுடை இறந்து ஒன்பது வருடமாகிறது. அவள் இதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்று யோசித்தேன். யோசனை பாதியில் நின்றுவிட்டது.

புதன்கிழமை நடந்ததில் ஒன்றை மட்டும் எழுதிவிட வேண்டும். என் கை அவர்கள் கைக்குப் பக்கத்தில் போனபோது அவர்கள் தம் கையை மடிக்கு எடுத்துக்கொண்டு சொன்னார்கள்: "சார், ஒரு விஷயம் கேட்டுக்கிடுங்க. அப்புறம் கையை வைக்கதா, எடுக்கதான்னு பாத்துக்கிடலாம். எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்கு. வீட்டுக்காரர்கிட்ட இருந்து வந்தது. அவர் போயி பதினெட்டு வருசமாச்சு. நான் தெனமும் மாத்திரை போடுதேன், நல்லாத்தான் இருக்கேன். ரத்தத்துல கிருமி மிஷின்ல கூடத் தெரியாத அளவுக்குக் குறைஞ்சுட்டுன்னு டாக்டர் சொல்லுதாவ."

"தெரியும், தெரியும். பரவாயில்லை" என்றேன்.

எனக்கு என்ன தெரியும்? வகுப்பில் பதில் தெரியாத கேள்வி வந்தால் தலையை ஆட்டுவேனே, அதே ஆட்டல்தான். அவர்கள் அதை நம்பிக் கையைத் திரும்ப வைத்தார்கள்.

ஜூன் 30, ஞாயிறு

மஸ்கட்டில் இருக்கும் என் பெண் வாங்கி அனுப்பிய போனில் படித்துக்கொண்டிருந்தேன். குழம்பு அடிப்பிடித்தது.

எனக்கு நானே தெளிவாக இருக்க வேண்டும். புதன்கிழமை நடந்தது: முத்தம், அணைப்பு, கைகள். சட்டை இல்லாத நேரமும் உண்டு. உடலோடு உடல் இருந்தது. அதற்கு மேல் போகவில்லை. இருவருக்குமே அது போதுமாக இருந்தது, அல்லது அதற்கு மேல் போக இருவருக்குமே கூச்சம்.

இதனால் ஹெச்.ஐ.வி. வருமா? ஒரு இணையப் பக்கம் "வராது" என்கிறது. இன்னொன்று "வாய்ப்பு மிகமிகக் குறைவு" என்கிறது. மூன்றாவது ஒரு பக்கம், வேறு சில பால்வினை நோய்களுக்குத் தோலோடு தோல் உரசினாலே போதும் என்கிறது. மிகமிகக் குறைவு என்பது பூஜ்யம் ஆகாது. அபூர்வம் என்றால் எங்கோ யாரோ ஒருவருக்கு நடக்கிறது என்று பொருள். அந்த ஒருவர் எப்படிப்பட்டவர்? அநேகமாக என்னைப் போல் குடையை மறக்கிறவராகத்தான் இருப்பார்.

ஜூலை 2, செவ்வாய்

அவர்கள் இரண்டு முறை அழைத்தார்கள். குளித்துக்கொண்டிருந்தேன் என்றேன். இரண்டு முறையும்.

ஜூலை 5, வெள்ளி

இடது விலாவில் எரிச்சல். வெந்நீர்ப் பாத்திரம் பட்டதோ என்று பார்த்தால் தோலில் ஒன்றுமில்லை. பனியன் பட்டாலே நெருப்பு பட்டதுபோல் இருக்கிறது. பனியனைக் கழற்றிவிட்டு, சாரல் காற்று படும்படி ஜன்னல் அருகே நாற்காலியைப் போட்டுக் கிடந்தேன். அரைத் தூக்கத்தில் தொலைபேசி நிலையம் ஒன்றைக் கண்டேன். சுவர் முழுவதும் ஓட்டைகள், எல்லாவற்றிலும் ஒயர்கள். ஒவ்வொரு ஒயரும் யாரோ ஒருவருடைய கை.

ஜூலை 7, ஞாயிறு

கொப்புளங்கள். முதுகுத்தண்டில் தொடங்கி விலாவைச் சுற்றிப் பாதி வரை, கொத்துக் கொத்தாக. உள்ளே தண்ணீர் நிற்கிறது. அன்று அவர்கள் கை இருந்த இடம்.

அதே இடம்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியும் என்றுதான் தோன்றுகிறது.

போனில் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

ஜூலை 8, திங்கள்

சளி என்று சொன்னது தப்பாகப் போயிற்று. காலை பத்து மணிக்கு மிளகு ரசம் நிரப்பிய தூக்குவாளியோடு உலகம்மாள் அவர்கள் வாசலில் நிற்கிறார்கள். புடவை நுனி நனைந்திருந்தது. முக்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள்.

"சளி பிடிச்சவுக எல்லாம் இப்படிச் சாஞ்சு சாஞ்சுதான் உக்காருவாவளா? எங்க வலிக்கு?"

"ஒன்றுமில்லை. வேர்க்குரு."

"சாரல்ல வேர்க்குருவா? திரும்புங்க."

நான் திரும்பினேன். அறையில் வெளிச்சம் போதாது. அவர்கள் கண்ணாடி கொண்டுவரவில்லை. "பாவம், நல்லாத்தான் கிளம்பியிருக்கு" என்றார்கள். சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயைத் தேடி எடுத்துவந்து, மூன்று விரலால் தொட்டும் தொடாமலும் தடவினார்கள். அந்தக் காலத்து மெட்ராஸ் லைன் கதைகள் சொல்லிக்கொண்டே தடவினார்கள். ஒரு மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போட்ட அழைப்பைத் தவறுதலாக ஒரு உர ஆபீஸுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவர் மூன்று நிமிடம் கொஞ்சிப் பேசிய பிறகு எதிர்முனையில், "எத்தனை மூட்டை சார் வேணும்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இந்த விரல்களிலிருந்துதான் வந்ததா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

எரிச்சல் குறைந்திருந்தது. ரசம் நன்றாக இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

கீழ் வீட்டு வெள்ளத்துரை பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரே இன்னும் அவருக்கு பஸ்தான். யாரும் நிற்கக் கூடாது, உள்ளே தள்ளிப் போக வேண்டும். நான் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்துவிட்டார்.

"என்னவே புரொபசரே, புதுசா நடை பழகுதீரு? தூக்கும்வே சட்டையை."

தூக்கினேன். "அட, இது அக்கில்லா!" என்று கத்தினார். "வேளார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி எழுதுனா தன்னால அமுங்கிரும். இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சிருக்கீரே, எவனோ செத்த மாதிரி!"

ஆட்டோவில் கூட்டிப்போனார். மண்பானைகள் அடுக்கிய முற்றத்தில் மூக்கம்மாள் என்ற வயதான அம்மாள் காவியைக் கரைத்துக் கோழி இறகால் என் விலாவில் எழுதினாள். எழுத்து என்றால் எழுத்தில்லை. சிங்கங்கள். கொப்புளக் கூட்டத்தைச் சுற்றி வளைத்து மூன்று.

"அசையாதீங்க ஐயா. அசைஞ்சா சிங்கத்துக்கு வாலு கோணிரும்."

"இது எதனால் வருகிறது?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பல்லி எச்சம் பட்டிருக்கும். இல்லன்னா சூடு."

"ஆட்களைத் தொடுவதால் வராதா?"

வெள்ளத்துரை இடையில் புகுந்தார். "இவரை எவன்வே தொடப் போறான்? ரேஷன் கடைக் கூட்டத்திலயே ஒதுங்கி நிக்கிற ஆளு!" மூக்கம்மாளுக்குச் சிரிப்பு வந்து இறகு நடுங்கியது. மூன்றாவது சிங்கத்துக்கு வால் உண்மையிலேயே கோணிவிட்டது.

மத்தியானம் படித்தேன். இந்த வகைக் கொப்புளம் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும் என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். தூங்கினேனா தெரியாது. சிவப்புச் சிங்கங்கள் என் மேலிருந்து இறங்கிச் சாரலில் வரிசையாக நடந்து போயின. நனைய நனைய அவற்றின் நிறம் கரைந்து தெருவெல்லாம் சிவப்பாக ஓடியது. கடைசிச் சிங்கம் மட்டும் மேலகரம் போகிற சாலையில் நின்று திரும்பிப் பார்த்தது.

ஜூலை 10, புதன்

திருநெல்வேலியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். உள்ளூரில் காட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள். டாக்டர் ஜெபராணிக்கு என் பெண் வயது இருக்கலாம். சட்டையைக் கழற்றியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"யார் எழுதினது? சிங்கம் நல்லா இருக்கே. அது இருக்கட்டும், மாத்திரையும் போட்டுக்குங்க. ரெண்டு நாள் முந்தியே வந்திருக்கலாம். புதுக் கொப்புளம் இன்னும் வருது, அதனால ஆரம்பிச்சுடுவோம்."

"டாக்டர், இது... பால்வினை நோயா?"

அவர் எழுதுவதை நிறுத்தினார். "ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

சொன்னேன். ஒரு நண்பர் என்று ஆரம்பித்து, மூன்றாவது வாக்கியத்தில் நான் என்று ஆகிவிட்டது. அவர் முகம் மாறவில்லை. என்னென்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மார்க் ஷீட்டைச் சரிபார்க்கிற மாதிரி கேட்டது எனக்கு உதவியாக இருந்தது.

"சார், இந்த அக்கி யாரும் குடுத்து வந்தது இல்ல. சின்ன வயசுல உங்களுக்கு சின்னம்மை போட்டிருக்கும். அந்தக் கிருமி நரம்புக்குள்ள ஒளிஞ்சு இத்தனை வருஷம் தூங்கிட்டு, வயசாகி எதிர்ப்பு குறைஞ்சதும் முழிச்சிருக்கு. ஹெச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கும் இது வரும், இல்லாத பெரியவங்க எத்தனையோ பேருக்கும் வரும். ஹெச்.ஐ.வி. ரத்தம், விந்து, பெண்ணுறுப்புல வர்ற நீர், தாய்ப்பால் இது மூலமாத்தான் போகும். முத்தத்துல, கட்டிப்பிடிக்கறதுல, தோலோட தோல் படறதுல போகாது. அதுவும் அவங்க ஒழுங்கா மாத்திரை எடுத்து, கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுல இருக்குன்னா, முழு உடலுறவு வச்சிருந்தாகூட உங்களுக்கு வராது."

"பூஜ்யமா? பூஜ்யத்துக்குப் பக்கமா?"

"நீங்க என்ன வாத்தியார்?"

"புள்ளியியல்."

"அதான பார்த்தேன். நீங்க சொன்னதுக்கு ஹெச்.ஐ.வி. பூஜ்யம். வேற சிலதுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். பிறப்புறுப்புல வர்ற ஹெர்பிஸ், மருக்கள், சிபிலிஸ் புண் இதெல்லாம் உள்ள போகாமலே, உரசினாலே, சிலது முத்தத்துலயும் ஒட்டலாம். உங்க ரெண்டு பேருக்கும் புண்ணு, மரு எதுவும் இல்லங்கறீங்க. மனசு கேக்கலன்னா ரத்தம் குடுத்துட்டுப் போங்க. சிபிலிஸும் சேர்த்துப் பார்த்துடலாம்."

கொடுத்தேன். சட்டைப் பொத்தானைப் போடும்போது கை லேசாக இருந்தது. வெளியே போகத் திரும்பியபோது அவர் கேட்டார்:

"கொப்புளம் வந்தப்புறம் அவங்க உங்களைத் தொட்டாங்களா?"

"எண்ணெய் தடவினார்கள். முந்தாநாள்."

பேனாவை வைத்துவிட்டார். "சார், இவ்வளவு நேரம் அவங்ககிட்ட இருந்து உங்களுக்கு என்ன வரும்னு கேட்டீங்க. அந்தக் கொப்புளத் தண்ணியில உயிரோட கிருமி இருக்கு. அவங்களுக்கு முன்னாடி சின்னம்மை வந்திருந்தா பயமில்ல. வரலைன்னா உங்ககிட்ட இருந்து அவங்களுக்கு சின்னம்மை வரலாம். பெரியவங்களுக்கு அது கடுமையா இருக்கும், அவங்க உடம்புக்கு இன்னும் ஜாக்கிரதையா பார்க்கணும். இன்னைக்கே கேளுங்க. வரலைன்னா உடனே அவங்க டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க. தள்ளிப் போட்டா தடுக்கறதுக்கு நேரம் போயிடும்."

இன்றைக்கே என்றார். தென்காசியில் பஸ் மாறினால் மேலகரம் பத்து நிமிடம். அந்த பஸ் என் எதிரில் வந்து நின்றது, ஏறுகிறவர்கள் ஏறினார்கள், கிளம்பிப் போயிற்று. நான் வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். போனை எடுத்து வைத்தேன், எடுத்து வைத்தேன். எதற்காகக் கேட்கிறேன் என்று அவர்கள் கேட்பார்கள். எங்கே போனீர்கள், டாக்டரிடம் என்ன சொன்னீர்கள், ஏன் அவ்வளவு தூரம் போனீர்கள் என்பார்கள்.

ஜூலை 11, வியாழன்

முதல் பஸ்ஸில் போனேன். விலாவில் துணி சுற்றி, அதன் மேல் முழுக்கைச் சட்டை. உலகம்மாள் வாசலில் கோலப்பொடி டப்பாவோடு, கோலம் போடுவதா வேண்டாமா என்று சாரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கேயே நில்லுங்கள்" என்றேன். "என் பக்கத்தில் வராதீர்கள். உங்களுக்குச் சின்னம்மை போட்டிருக்கிறதா?"

"வந்ததும் வராததுமா இது என்ன கேள்வி?"

நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். அக்கி, டாக்டர், கொப்புளத் தண்ணீர், எண்ணெய் தடவிய விரல். அவர் நனைந்துகொண்டு கேட்டார். முடிந்ததும் டப்பாவை மூடினார்.

"எனக்கு ஞாபகம் இல்ல, சார். அம்மா நான் ஏழாவது படிக்கப்பவே போயிட்டா. கேக்கணும்னா அக்கா ஒருத்திதான் இருக்கா."

கடையநல்லூரில் இருக்கும் பேச்சி அக்காவைப் பற்றி ஒரு முறைதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். நோய் விஷயம் தெரிந்த பிறகு அக்கா வீட்டில் இவருக்கென்று ஒரு தனி டம்ளர் ஜன்னல் திண்டில் வைக்கப்பட்டது. அதில் ஒரு முறை காபி குடித்தார். பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை, பேசவும் இல்லை.

போனைக் கையில் எடுத்தார். எண் அவருக்கு மனப்பாடம், உதடு அசைந்தது. விரல் அசையவில்லை. ஊரில் எல்லாருக்கும் லைன் கொடுத்தவர்.

போனைப் படியில் வைத்துவிட்டு உள்ளே நகர்ந்தார். "நீங்க போட்டுக் குடுங்க."

அவர் எண்ணைச் சொன்னார். நான் அழுத்தினேன். எதிர்முனையில் ஒரு வயதான குரல் "யாரு?" என்றது. எனக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "மேலகரத்திலிருந்து ஒரு அழைப்பு. உங்கள் தங்கை பேசுகிறார். லைனில் இருங்கள்" என்றேன். சத்தமாகக் கேட்கும்படி வைத்துவிட்டுத் தள்ளி வந்தேன்.

"அக்கா, நான் உலகு."

வெகுநேரம் தகரத்தில் சாரல் விழும் ஓசைதான், இங்கேயும் அங்கேயும்.

"எனக்குச் சின்ன வயசுல சின்னம்மை போட்டிருந்துதாக்கா?"

"ஏட்டி, எத்தனை வருசம் கழிச்சு போன் போட்டு இதையா கேக்க?" என்றது அந்தக் குரல். பிறகு கொஞ்சம் இறங்கி, "போட்டிருந்துது. ஆறு வயசு உனக்கு. பிள்ளையளை எல்லாம் அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாவ. நான் போக மாட்டேன்னு தூணைக் கட்டிக்கிட்டேன். வேப்பிலைய விரிச்சு உன்கூட ஒரே பாயில கிடந்தேன். உனக்கு இறங்கவும் எனக்குப் போட்டுது" என்றது.

உலகம்மாள் போன் பக்கமாகக் குனிந்தார்.

"உலகு... அந்த டம்ளரு..."

"வையிக்கா. அப்புறமா பேசுதேன்" என்று துண்டித்தார்.

ஆபத்து இல்லை. அதே படியில், அவரிடமிருந்து தள்ளி உட்கார்ந்தேன். மலையிலிருந்து மேகம் இறங்கித் தெருவுக்குள் வந்தது. எதிர்வீடு கரைந்துபோயிற்று. அவர் குரல் மட்டும் வந்தது.

"கொப்புளம் வந்ததும் யாரை நெனைச்சிய?"

நான் எதிர்வீடு இருந்த இடத்தையே பார்த்தேன்.

"என்னைத்தான?"

தலையை ஆட்டினேன். இந்த முறை பதில் தெரிந்து ஆட்டினேன்.

"நான் எண்ணெய் தடவிக்கிட்டு இருந்தப்பவும்?"

"ஆமாம்."

"அன்னைக்கு 'தெரியும், தெரியும்'னு சொன்னியளே, சார். தெரியலன்னு சொல்லியிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே." உள்ளே திரும்பிக்கொண்டே, "போயிட்டு வாங்க" என்றார். குடையை நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 13, சனி

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஹெச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டும் இல்லை. தண்ணீர்த் தொட்டியில் பாசி. கழுவினேன்.

ஜூலை 16, செவ்வாய்

கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு விடுகின்றன. வெள்ளத்துரை, "பாத்தீரா, சிங்கம் எப்படித் தின்னுட்டு?" என்கிறார். மறுத்துப் பேசவில்லை. மாத்திரை தீர்ந்தது. வலி இரவும் பகலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, இருக்கட்டும். போன் அடிக்கவில்லை.

ஜூலை 20, சனி

மத்தியானத் தூக்கத்தின் நடுவில் போன் அடித்தது. அது கனவுக்குள் அடிப்பதாக நினைத்துக் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

"சார், வர புதன்கிழமை நான் மாத்திரை வாங்கப் போகணும். நம்ம ஊர் பெரிய ஆஸ்பத்திரிதான். பத்து மணிக்கு அங்க பெஞ்சுல இருப்பேன். நீங்க வாரதா இருந்தா வாங்க."

"துணைக்கா?"

"எனக்கு என்னத்துக்குத் துணை? இத்தனை வருசமா ஒத்தையில போயிட்டு வாரேன். நீங்க கிருமிக்குப் பயந்தியளா, ஆட்களுக்குப் பயந்தியளான்னு எனக்குத் தெரியணும். கிருமிக்குன்னா அதான் டாக்டர் சொல்லிட்டாவள்லா, சரியாப் போச்சு. ஆட்களுக்குன்னா அதுக்கு மாத்திரை இல்ல, சார். அப்ப இத்தோட விட்டுருவோம். நான் வருத்தப்பட மாட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

வைத்துவிட்டார்.

ஊரில் பாதிப் பேர் என் மாணவர்கள். அந்த ஆஸ்பத்திரியில் நாலைந்து பேராவது இருப்பார்கள்.

ஜூலை 23, செவ்வாய்

வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன். பிறகு, ரொம்ப வெளுப்பாக இருந்தால் கவனிப்பார்கள் என்று சாம்பல் நிறச் சட்டையை எடுத்தேன். அதைப் போட்டால் ஒளிந்துகொள்வது போல இருந்தது. இரண்டும் நாற்காலியில் தொங்குகின்றன.

ஜூலை 24, புதன்

வெள்ளைச் சட்டையில்தான் போனேன்.

சாரல் இல்லாமல் வெயில் அடித்தது. ஒரு மாதமாகப் பஞ்சுக்குள் இருந்த ஊர் திடீரென்று ஓரங்களோடு தெரிந்தது. ஆஸ்பத்திரியின் பின்பக்கம் நீளத் தாழ்வாரம், அதில் இரண்டு பெஞ்சு, ஹெச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கிற ஒரு ஜன்னல். இருபது பேர் இருக்கலாம். கீரைக் கட்டு வைத்திருந்த ஒரு பெண், சீருடையில் ஒரு டிரைவர், கல்யாணப் புடவை போல ஒன்றைக் கட்டிய ஒரு இளம்பெண். யாரும் யாரையும் பார்க்கவில்லை. உலகம்மாள் இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை.

நான் தாழ்வாரத்தின் தொடக்கத்தில் நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் மாத்திரை டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். மூன்றாம் வருடத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த இசக்கிராஜா. கதவைத் திறந்துகொண்டு ஓடியே வந்தான்.

"சார்! நீங்க எங்க சார் இங்க? சர்க்கரை, பிரஷர் எல்லாம் முன்பக்கம் சார். போர்டைப் பாக்காம வந்துட்டியளா? வாங்க, நான் கொண்டுபோய் விடுதேன்." மரியாதையோடு என் முழங்கையைப் பிடித்து வெளிப்பக்கமாகத் திருப்பினான்.

அவ்வளவு எளிதாக இருந்தது. ஆமாம் தம்பி, வழி தெரியவில்லை என்றால் போதும். அவனே கொண்டுபோய் விட்டுவிடுவான். உலகம்மாள் சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்தாள், அது என்னவோ அவளுக்கு மிகவும் வேண்டிய கடிகாரம் போல. நான் என்ன சொன்னாலும் எனக்கு அவளைத் தெரியாது என்று வைத்துக்கொள்ள அவள் இடம் கொடுத்திருந்தாள்.

மெதுவாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வகுப்பறைக் குரல். எழுபது பேர் உட்கார்ந்த, மின்விசிறி ஓடாத ஹாலில் பேசிய குரல்.

"வழி தவறவில்லை, இசக்கிராஜா. நான் இவர்களோடு வந்திருக்கிறேன். உலகம்மாள். மாத்திரை வாங்க வந்திருக்கிறோம்."

தாழ்வாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கீரைக்காரப் பெண், டிரைவர், கல்யாணப் புடவை எல்லாரும். இசக்கிராஜா என் முழங்கையை விட்டான். என்னையும் அவளையும் பார்த்தான். பிறகு, மாணவனாக இருந்தபோது போலவே, "சரி சார்" என்றான்.

பெஞ்சுக்கு நடந்தேன். நாலு எட்டுதான். கால் தரையில் பட்டதாக நினைவில்லை.

"கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்டுட்டு, சார்" என்றாள் உலகம்மாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் இருந்தது. பக்கத்திலிருந்த கீரைக்காரியிடம் திரும்பி, "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, எங்க வீட்டாளு வந்திருக்காவ" என்றாள்.

அந்தப் பெண் கீரைக் கட்டை மடியில் எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். நான் உட்கார்ந்தேன்.